சுழி பார்க்கும் மென்பொருள்

காரிமங்கலம் வாரச்சந்தையில் மாடு பிடிக்க வருகிறவர் முதலில் பல்லைப் பார்ப்பார், பிறகு முதுகைத் தடவிச் சுழி பார்ப்பார். சுழி சரியில்லை என்று பட்டுவிட்டால், மாடு எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அடுத்த கயிற்றுக்குப் போய்விடுவார். மாட்டை வீட்டுக்கு ஓட்டிப் போய் ஒரு வருடம் வளர்த்துப் பார்த்துச் சொல்ல அவருக்கு நேரமில்லை. கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை வைத்துத்தான் முடிவு செய்தாக வேண்டும்.

நம் கணினியில் உட்கார்ந்திருக்கும் ஆன்ட்டிவைரஸும் ஏறத்தாழ இதையேதான் செய்கிறது. ஒரு சந்தை நாளில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டிடிபி கடையில் உட்கார்ந்திருந்தபோது இது எனக்கு நன்றாக விளங்கியது.

கடை நடத்தும் அக்கா புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, மாரியம்மன் திருவிழா நோட்டீஸ், கிரயப் பத்திர வரைவு என்று பதினைந்து வருட உழைப்பு பழைய ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு சிடிக் கட்டிலும் கிடந்தது. அதைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஒன்றில்லை, இரண்டு. முதலாவது, சிடியில் இருந்த பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் செட்டப் ஃபைல். இரண்டாவது, ஹார்டு டிஸ்க்கில் இருந்த பூ பார்டர், பிள்ளையார் படங்களைக் காட்டும் ஒரு சின்ன புரோகிராம்.

“இது போனா பழைய ஃபைல் ஒன்னும் தொறக்காது தம்பி. வெச்சா புது சிஸ்டம் போயிடுமோன்னு பயமா இருக்குது. அழிச்சிடட்டுமா, வேண்டாமா? நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

“ரெண்டும் வேண்டாங்க்கா. இப்போதைக்கு அப்படியே தனியா வெச்சிடுங்க.”

ஆன்ட்டிவைரஸ் தரும் வழிகளில் குவாரண்டைன் என்று ஒன்று உண்டு. கொரோனாக் காலத்துக்குப் பிறகு இந்தச் சொல்லை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்று தனிமைப்படுத்தப்பட்டவர்கள் எல்லாரும் நோயாளிகள் இல்லை. சந்தேகம் தீரும்வரை தள்ளி இருக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஃபைலுக்கும் அதேதான். அதை உருமாற்றி, இயங்க முடியாதபடி பூட்டி ஓரிடத்தில் வைத்துவிடும். கெட்டது என்றால் ஒன்றும் செய்யாது, நல்லது என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: குவாரண்டைனில் போட்டதைப் பல மென்பொருள்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தாமே அழித்துவிடும். அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

ஆன்ட்டிவைரஸ் ஏன் உறுதியாகச் சொல்லாமல் சந்தேகப்படுகிறது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை பார்க்க வேண்டும். 1986-இல் லாகூரில் பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’ வைரஸ் பிளாப்பி வழியாக உலகம் சுற்றியது. அந்தக் காலத்து வைரஸ்கள் சில நூறு, பிறகு சில ஆயிரம். ஒவ்வொன்றின் உடம்பிலிருந்தும் ஒரு துண்டைக் குறித்து வைத்துக்கொண்டு, எல்லா ஃபைலிலும் அந்தத் துண்டு இருக்கிறதா என்று தேடினால் போதும். சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், புனேயின் குவிக் ஹீல் போன்றவையெல்லாம் அந்தத் தலைமுறையில் வளர்ந்தவைதான். ஆனால் வைரஸ் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பிரதியிலும் உடம்பை மாற்றக் கற்றுக்கொண்டதும், துண்டு தேடுவது மட்டும் போதவில்லை. இன்ன இன்ன சாடை இருந்தால் சந்தேகப்படு என்ற விதிகள் வந்தன. லட்சக்கணக்கான நல்ல ஃபைலையும் கெட்ட ஃபைலையும் காட்டிப் பழக்கிய இயந்திரக் கற்றல் வந்தது. அதாவது, போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் ஃபோட்டோவோடு முகத்தை ஒப்பிடுவதிலிருந்து, நடை உடையைப் பார்த்துச் சந்தேகப்படுவதற்கு வந்தாயிற்று.

சாடையை வைத்துச் சொல்லும் எதுவும் சில நேரம் தப்பாகச் சொல்லும். இது மென்பொருள் எழுதியவர்களின் திறமைக் குறைவால் வருவது மட்டுமில்லை. எண்பதுகளில் ஃபிரெட் கோஹன் என்ற அமெரிக்க ஆய்வாளர், எந்த வைரஸையும் தவறாமல் கண்டுபிடிக்கும் ஒரு புரோகிராம் இருக்கவே முடியாது என்று கணித முறையில் நிறுவினார். அவர் வாதத்தின் சாரம் எளிது. அப்படி ஒரு தப்பாத நீதிபதி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நான் ஒரு புரோகிராம் எழுதுகிறேன். அது முதலில் தன்னையே அந்த நீதிபதியிடம் காட்டி, “நான் வைரஸா?” என்று கேட்கும். ஆம் என்றால் சும்மா இருந்துவிடும். இல்லை என்றால் பரவத் தொடங்கும். நீதிபதி என்ன சொன்னாலும் தப்பாகிவிடும். ஆகவே தப்பாத நீதிபதி இல்லை.

நடைமுறையிலும் பெரிய பெரிய தவறுகள் நடந்திருக்கின்றன. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்ட்டிவைரஸ் அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான எஸ்விசிஹோஸ்ட் என்ற ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்தன. ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் பல்பொருள் அங்காடியின் கிளைகள் சில அன்று பில் போட முடியாமல் மூடப்பட்டன. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் ஆன்ட்டிவைரஸ் தன் சொந்த அப்டேட் புரோகிராமையே வைரஸ் என்று அறிவித்தது. விண்டோஸின் சொந்த ஃபைலுக்கே இந்தக் கதி என்றால், காரிமங்கலத்தில் ஒரு சிடியில் கிடக்கும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்குப் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்?

பழைய ஃபைல் மாட்டிக்கொள்வதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. ஒரு பிளாப்பியில் 1.44 எம்பிதான் பிடிக்கும். டெலிபோன் வயரில் இன்டர்நெட் வந்த நாட்களில் ஒரு எம்பி இறங்கவே சில நிமிடம் ஆகும். அதனால் அன்றைக்கு மென்பொருள் எழுதியவர்கள் யூபிஎக்ஸ் போன்ற கருவிகளால் புரோகிராமை அழுத்திப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள்; ஓடும்போது அது தானே பிரிந்துகொள்ளும். பின்னாளில் வைரஸ்காரர்கள் தங்கள் சரக்கை மறைக்க அதே பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இன்றைய ஆன்ட்டிவைரஸ் பொட்டலத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிறது. இது ஒன்று. இன்னொன்று, இன்றைய மென்பொருள்களில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். ஊருக்கு ஒருவர் ஆர்வத்தில் எழுதிய அன்றைய தமிழ் மென்பொருள்கள் பலவற்றில் அது கிடையாது. உலகத்தில் எத்தனை பேரிடம் இந்த ஃபைல் இருக்கிறது என்று கேட்டாலும் விரல் விட்டு எண்ணலாம். ஆளும் புதிது, அடையாள அட்டையும் இல்லை என்றால் காவலாளி நிறுத்தத்தான் செய்வார்.

தமிழுக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்99 முறையிலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ தட்டச்சு செய்ய உதவும் பழைய புரோகிராம் பெரும்பாலும், நீங்கள் அழுத்தும் விசையை, நீங்கள் அடிக்கும் சாளரத்துக்குப் போகும் வழியில் மறித்து, தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்பும். எந்தச் சாளரத்தில் அடித்தாலும் அது பின்னால் நின்று கவனித்துக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டு திருடும் கீலாகர் செய்வதும் இதே மறிப்புதான். கீலாகர் கேட்டதைத் திருடனுக்கு அனுப்புகிறது, தட்டச்சு மென்பொருள் கேட்டதை உங்களுக்கே தமிழாகத் தருகிறது. வெளியிலிருந்து சாடை பார்க்கிறவருக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அப்படியென்றால் எச்சரிக்கை எல்லாம் பொய்” என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் டிடிபி கடை, பிரவுசிங் சென்டர் என்று திரிந்த பென் டிரைவ் எதையும் நான் நம்புவதில்லை. ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரில், ஃபோல்டர் படத்தையே முகமாக மாட்டிக்கொண்டு வந்த புரோகிராமை இரட்டைச் சொடுக்கு போட்டுத் திறக்காத கடைக்காரர் அன்று இல்லை. எல்லா ஃபைலையும் மறைத்துவிட்டு ஷார்ட்கட் மட்டும் காட்டும் வைரஸ் இன்னொரு கூட்டம். பென் டிரைவைச் செருகியதும் தானாக ஓடும் வசதியைப் பழைய விண்டோஸ்களில் அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2011-இல்தான் எல்லாக் கணினிகளுக்கும் பரவலாக அனுப்பியது. அதற்குள் பரவ வேண்டியது பரவியிருந்தது.

அப்படிப் பரவியவற்றில் ராம்னிட் என்ற வைரஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2010-இல் வெளிப்பட்ட இது, கணினியில் இருக்கும் புரோகிராம் ஃபைல்களின் வாலில் தன்னை ஒட்டிக்கொள்ளும். வலைப்பக்க ஃபைல்களையும் விடாது. 2015 பிப்ரவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் பல நிறுவனங்களோடு சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கியபோது, 32 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்ததாகக் கணக்கிட்டார்கள். அதிகம் பாதிக்கப்பட்ட நாடு இந்தியா. சர்வர் போனாலும், அன்று ஒட்டிக்கொண்ட ஃபைல்கள் அலமாரி பென் டிரைவ்களில் அப்படியே இருக்கின்றன.

ஆக, எச்சரிக்கை வந்த ஃபைல் எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது புரியும். ஏறத்தாழ சுத்தமான ஒரு கணினியில் 2 லட்சம் ஃபைல்கள், அதில் 20 மட்டும் கெட்டவை என்று வைத்துக்கொள்வோம். ஆன்ட்டிவைரஸ் நல்ல ஃபைல்களில் ஆயிரத்தில் ஒன்றைத் தப்பாகப் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கெட்ட 20-ஐயும் பிடித்தாலும் கூடவே ஏறத்தாழ 200 நல்லவையும் மாட்டும். பதினொரு எச்சரிக்கையில் பத்து பொய். அதே ஆன்ட்டிவைரஸை ராம்னிட் புகுந்த ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓடவிடுங்கள். அங்கே 500 புரோகிராமில் 400 கெட்டிருந்தால், எச்சரிக்கைகள் ஏறத்தாழ எல்லாமே நிஜம். மென்பொருள் மாறவில்லை, அதன் திறமையும் மாறவில்லை. ஃபைல் வந்த வழி மாறியதும் எச்சரிக்கையின் எடை மாறிவிட்டது.

இங்கேதான் அந்த சிடிக் கட்டு எங்களுக்குக் கைகொடுத்தது. ஒருமுறை எழுதி மூடிய சிடியில் பிறகு யாராலும் எதையும் சேர்க்க முடியாது, வைரஸாலும் முடியாது. 2007-இல் எழுதிய சிடியில் இருக்கும் ஃபைல் 2007-இல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அந்த பார்டர் புரோகிராம் சிடியிலும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவைப் பார்த்தோம். ஹார்டு டிஸ்க்கில் இருந்தது ஐம்பது கேபிக்கு மேல் பெருத்திருந்தது. புரோகிராம் ஃபைல் தானாகச் சதை போடாது. எச்சரிக்கையில் வந்த பெயரும் பொதுப்பெயர் இல்லை, ராம்னிட் என்றே சொன்னது.

சந்தேகம் தீர, அதே ஃபோல்டரில் கிடந்த ஒரு வலைப்பக்க ஃபைலை நோட்பேடில் திறந்து அக்காவுக்குக் காட்டினேன். நோட்பேடில் திறந்தால் எழுத்தாகத்தான் தெரியும், இயங்காது. மேலே ஒழுங்கான பக்கம். கீழே போகப் போக, எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட ஒரே வரி. அந்த வரி நான்கு, டி, ஐந்து, ஏ என்று தொடங்கியது. அது ‘எம், இசட்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளின் கணினிக் குறி. விண்டோஸில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் இந்த இரண்டு எழுத்தோடுதான் தொடங்கும். அந்த ஃபைல் வடிவத்தை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. வலைப்பக்கத்தின் வாலில் முழுசாக ஒரு புரோகிராம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

“அட, இத்தன வருசமா இது உள்ள இருந்துச்சா?” என்று அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஹார்டு டிஸ்க்கில் இருந்த புரோகிராம்கள் அத்தனையையும் அழித்தோம். நல்லது கெட்டது பிரிக்கவில்லை, அவ்வளவும் சிடியில் இருக்கின்றன. பத்திரிகைகளும் நோட்டீஸ்களும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்கள். ராம்னிட் அவற்றைத் தொடுவதில்லை. அவை தப்பின.

செட்டப் ஃபைல் விஷயம் வேறு. அது சிடியில் மட்டுமே இருந்தது. எச்சரிக்கையில் வந்த பெயர், எந்தக் குடும்பத்தையும் சுட்டாத பொதுப்பெயர். இந்த மாதிரி இடத்தில் ஹாஷ் பார்க்க வேண்டும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வைக்கும் கைரேகை போல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எண் உண்டு. எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அது 64 எழுத்து நீளம். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுதும் மாறிவிடும். விண்டோஸிலேயே இதைக் கணக்கிடக் கட்டளை இருக்கிறது. செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால் வலச்சொடுக்கிலேயே கிடைக்கும். அந்த எண்ணை மட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடினால் போதும். ஸ்பெயினின் மாலகாவில் 2004-இல் தொடங்கி 2012-இல் கூகுள் வாங்கிய சேவை அது. எழுபது வரையான ஆன்ட்டிவைரஸ்கள் ஒரே ஃபைலைப் பற்றி என்ன சொல்கின்றன என்று காட்டும்.

ஃபைலையே அங்கே ஏற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டும். ஏற்றிய ஃபைலைப் பாதுகாப்பு நிறுவனங்கள் எடுத்துப் பார்க்க முடியும். செட்டப் ஃபைல் என்றால் பரவாயில்லை. யாரோ ஒருவரின் கிரயப் பத்திரம், ஆதார் நகல் இருக்கும் ஃபைலை ஒருபோதும் ஏற்றாதீர்கள். ஹாஷ் எண்ணில் உள்ளடக்கம் எதுவும் வெளியே போகாது.

எங்கள் ஃபைல் அந்தத் தளத்துக்குப் பல வருடம் முன்பே வந்திருந்தது. எழுபதுக்கு நான்கு மட்டும் குறை சொல்லியிருந்தன, அதுவும் ஆளுக்கொரு பொதுப்பெயரில். வயது இங்கே ஒரு சாட்சியாகிறது. நேற்று வந்த ஃபைலை நான்கு பேர் சந்தேகித்தால், மற்றவர்கள் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இத்தனை வருடம் எல்லார் கண்ணிலும் பட்ட ஃபைலை நான்கே பேர் சந்தேகித்தால், அது பெரும்பாலும் சாடைப் பிழைதான். வாக்குகளை எண்ணும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும்: பல நிறுவனங்கள் அடுத்தவரின் எஞ்சினை வாங்கி ஓட்டுகின்றன. நான்கு வாக்கு உண்மையில் இரண்டாக இருக்கலாம்.

சரி, நிரபராதி என்றே வைத்துக்கொள்வோம். திருப்பி எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் போட வேண்டுமா? வேண்டாம் என்றேன். விண்டோஸ் 10-இல் 2019 முதல் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வருகின்றன. அந்தப் பழைய மென்பொருள் இனித் தேவையே இல்லை. அக்காவுக்குத் தேவைப்பட்டது அதனோடு வந்த எழுத்துரு மட்டும். அது தனி ஃபைலாக சிடியிலேயே இருந்தது, எந்த எச்சரிக்கையும் இல்லை. நமக்கு வேண்டியது என்ன என்று பிரித்துப் பார்த்தால், பல நேரம் சந்தேக ஃபைலுக்குத் தீர்ப்பு எழுதும் வேலையே மிச்சமாகிவிடும். திருட்டு மென்பொருளைத் திறக்க உதவும் கிராக், கீஜென் வகைகளுக்கு மட்டும் நான் இந்த விசாரணையே வைப்பதில்லை. அதில் கலந்திருப்பது என்ன என்று ஒப்பிட்டுப் பார்க்க அசல் பிரதி எங்கும் இல்லை. அழித்துவிட வேண்டியதுதான்.

பழைய எழுத்துருக்களின் கதைதான் என்னை அதிகம் வாட்டுகிறது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால், கணினிக்குள் இருப்பது தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகள்தான் இருக்கும். எழுத்துரு என்ற முகமூடி இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு போனால் யாருக்கும் புரியாத கிறுக்கல். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், தமிழக அரசு யூனிகோடு, டேஸ்16 என்ற இரண்டு குறிமுறைகளைத் தன் தரமாக அறிவித்தது. அதற்கு முன் எழுதப்பட்ட திருவிழா நோட்டீஸும் சங்கத் தீர்மானமும் ஊர்க்கூட்ட நடவடிக்கையும் எத்தனை ஊர்களில் இப்படி முகமூடிக்குள் கிடக்கின்றனவோ. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7.0. அதன் ஃபைலைத் திறக்கும் வசதி, அதற்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருளில் சிஎஸ்6 பதிப்போடு நின்றுவிட்டது. ஒரு சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்து மிரண்டு யாரோ பழைய ஃபோல்டரை முழுசாக அழிக்கும்போது, அந்த ஊரின் பத்துப் பதினைந்து வருடம் சேர்ந்து அழிகிறது.

அக்காவின் ஃபைல்களுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று, தப்பியவற்றை நகலெடுத்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தோம். சிடியிலிருந்தே பேஜ்மேக்கரையும் எழுத்துருவையும் போட்டோம். இன்டர்நெட் வயரை அதில் செருகவே இல்லை. ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து எழுத்தை வெறும் டெக்ஸ்டாக எடுத்து, புதுக் கம்ப்யூட்டரில் யூனிகோடுக்கு மாற்றினோம். நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பழைய குறிமுறைகள் பலவற்றைத் தெரிந்துவைத்திருக்கின்றன. கொம்பும் காலும் இடம் மாறிய சில இடங்களை அக்காவே பொறுமையாகத் திருத்தினார். கடைக்கு ஆள் வராத மத்தியான நேரங்களில், மூன்று வாரம் ஆயிற்று.

உங்கள் வீட்டிலோ கடையிலோ கோயில் அலுவலகத்திலோ இப்படி ஒரு சிடிக் கட்டு இருந்தால், இந்த வாரமே வெளியே எடுங்கள். எச்சரிக்கை வந்தால் குவாரண்டைனில் விடுங்கள், சிடிப் பிரதியோடு அளவை ஒப்பிடுங்கள், ஹாஷைத் தேடுங்கள். தப்பாகப் பிடித்திருக்கிறது என்று உறுதியானால் அந்த ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்துக்கு ஃபைலை அனுப்பித் தெரிவியுங்கள். மைக்ரோசாஃப்டும் கே7-ம் குவிக் ஹீலும் அதற்கு வழி வைத்திருக்கின்றன. வைரஸ் உண்மையில் இருக்கிறது என்றால், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசக் கருவிகள் தருகிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தச் சிடிகளில் இருக்கும் தமிழை யூனிகோடுக்கு மாற்றி இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டர்கள் கடைகளில் குறைந்துகொண்டே வருகின்றன.